நிறம் எடுத்த பெயர்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஞானப்பூ அக்கா. போன வருஷம், ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின நாள். சர்ச் வளாகத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டபடியே அக்கா தானாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி அவர்கள் வீட்டுக்காரர் சொன்னது, பாதி அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த டீச்சர் சொன்னது என்றார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பெயர் கோயில்பிள்ளை. பாளையங்கோட்டையில் குட்டியானை என்கிற அந்தச் சின்ன லோடு வண்டியை வெகுகாலம் ஓட்டினவர். முட்டி தேய்ந்துபோனதால் சாவியை மகன் ஜோயல் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் வீட்டில் சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. மார்க்கெட் பக்கம் ஹெப்சிபா என்று ஒரு பெண் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் எழுத்து வரைந்து, மிஷினில் வெட்டி, வண்டிக்கும் கடைக்கும் ஒட்டிக் கொடுப்பாள். வேண்டியவர்களுக்குக் கற்றும் கொடுப்பாள். இவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

டீச்சருக்கு இவர் மகளைவிட வயது குறைவு. ஆனாலும் இவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் "அண்ணாச்சி" என்பாள்.

முதல் நாளே அவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அது மவுஸு. கியர் கம்பி இல்ல. அந்தப் பிடி பிடிச்சா அது ரிவர்ஸ்ல போயிரும்."

"பழக்கம் டீச்சர். கை அப்படித்தான் போகுது."

அவள் ஒரு எழுத்தைத் தட்டி, அதை வளைவாக மாற்றிக் காட்டினாள்.

"இனிமே இது எழுத்து இல்ல. வெறும் கோடு. வளைஞ்சு வளைஞ்சு போய், கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்த கோடு. நிறத்து மேல மவுஸோட இடது பக்கம் தட்டுனா உள்ள நிரம்பும். வலது பக்கம் தட்டுனா ஓரத்துல பிடிக்கும்."

அவர் தட்டினார். உள்ளே சிவப்பு நிரம்பியது. மறுபடி தட்டினார். ஓரம் கறுத்தது.

"அப்போ உள்ளுக்கு ஒண்ணு, ஓரத்துக்கு ஒண்ணு."

"ஆமா."

"அந்த ஓரம் இருக்கே டீச்சர், அது உள்ளுக்குச் சேர்ந்ததா, வெளிக்குச் சேர்ந்ததா?"

அவள் மவுஸை வாங்கினாள். ஓரத்தைத் தடிமனாக்கிக்கொண்டே போனாள். கறுப்பு வெளியேயும் பரவியது, உள்ளே இருந்த சிவப்பையும் தின்றது.

"பாதிப் பாதியா?" என்றார்.

"பாதிப் பாதிதான்."

அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். வேலியைப் போல ஒரு பக்கத்துக்குச் சொந்தம் என்று நினைத்தேன், இல்லையாம், பாதிப் பாதியாம் என்று. "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, ரசம் ஆறுது" என்று அக்கா சொன்னார்களாம்.

இப்படித் தினம் ஒரு கேள்வியோடு போவார். வெள்ளை நிறம் போடுவதும் நிறமே போடாமல் விடுவதும் ஒன்றா என்று ஒரு நாள் கேட்டார். அவள் வெள்ளைக் கட்டத்தை ஒரு படத்தின் மேல் வைத்தாள். படம் மறைந்தது. நிறத்தை எடுத்துவிட்டாள். படம் தெரிந்தது. அவர் குழந்தை மாதிரி மறுபடி மறுபடி செய்து பார்த்தார்.

இனி வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஷைனி, இளையவன் ஜோயல். வண்டியின் முன் கண்ணாடியில் எப்போதும் இரண்டு பெயரும் இருக்கும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஷைனி தன்னோடு வேலை பார்த்த பையனைத் தானாகவே ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இவர் அவளோடு பேசவில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் பெயரைச் சொல்லும்போது ஜோயல் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அக்கா மட்டும் வாய்க்குள் இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டு ஆமென் போடுவார்கள்.

இந்த நேரத்தில் வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை வந்தது. பெயிண்ட் அடித்து, கண்ணாடியில் இருந்த பழைய ஸ்டிக்கரை எல்லாம் உரித்தாயிற்று. மறுநாள் காலையில் போதகர் வந்து ஜெபித்து வண்டியை ரோட்டுக்கு இறக்க ஏற்பாடு.

"பேரு நானே வெட்டிட்டு வாரேன். ஜோயல் மட்டும்" என்றார் அவர்.

அக்கா அதிர்ந்து பேசாதவர். அன்றைக்குப் பேசிவிட்டார்கள்.

"என் மக பேரு இல்லாம அந்த வண்டி இறங்குதுன்னா, நான் ஜெபத்துக்கு வர மாட்டேன். நீங்களும் உங்க மகனும் தனியா நின்னு ஆமென் போட்டுக்கிடுங்க."

"வராட்டி இரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் கையாலே செய்கிற முதல் வேலை அது. டீச்சர் வேறு ஆளுக்கு ஆட்டோ ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தாள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கைப்பழக்கம் பாருங்கள், விரல் தானாக "ஷைனி ஜோயல்" என்றே தட்டிவிட்டது. இரண்டையும் வளைவாக்கி, இரண்டுக்கும் மஞ்சள் கொடுத்த பிறகுதான் கவனித்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஷைனியை மட்டும் பிடித்து, நிறத்தை எடுக்க நிறப் பட்டையின் தலையில் இருக்கிற பெருக்கல் குறிக் கட்டத்தை இடது பக்கம் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு தட்டினார். ஷைனியின் உள்நிறமும் போயிற்று, ஓரமும் போயிற்று. ஜோயல் மட்டும் நின்றது.

ஹெப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"முடிச்சிட்டீங்களா? நல்லா இருக்கே. ஆனா ஏன் அண்ணாச்சி, பேரு வலது பக்கமா ஒதுங்கி நிக்குது? இந்தப் பக்கம் பூரா காலியாக் கெடக்கு."

"அது அப்படியே இருக்கட்டும்."

அவள் மவுஸை வாங்கி, காலியாக இருந்த இடத்தில் தட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அந்த இடத்தைச் சுற்றி வளைத்து இழுத்தாள். வெறும் இடத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் வந்து நின்றன.

"இங்க என்னமோ இருக்கு."

"இருந்தது. நிறத்தை எடுத்துட்டேன்."

"அழிக்கிற பட்டன் தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்போ?"

அவர் பட்டனைப் பார்த்தார். விரல் அதன் பக்கத்தில்தான் இருந்தது.

"அதை விடுங்க டீச்சர். நான் ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. உள்ளயும் நிறம் கிடையாது, ஓரத்துலயும் கிடையாது. தட்டுனா அகப்படல. வளைச்சுப் பிடிச்சா புள்ளி மட்டும் வருது. அந்தக் கோடு இப்போ இருக்கா, இல்லையா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"கண்ணுக்குத் தெரியல. அப்போ இல்லன்னுதான் நினைக்கேன்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்னா உங்ககிட்ட ஏன் கேக்கப் போறேன்?"

அவள் சிரித்தாள். எழுந்து போய், மஞ்சள் ஷீட்டை மிஷினில் ஏற்றினாள்.

"வெட்டிப் பாத்துருவோமா?"

"பாருங்க."

மிஷின் ஓட ஆரம்பித்தது. அதில் ஊசி முனை மாதிரி ஒரு சின்னக் கத்தி இருக்குமாம். மேலே இருக்கிற மஞ்சளை மட்டும் கீறும், அடியில் இருக்கிற தாளைத் தொடாது. கத்தி நேரே இடது ஓரத்துக்குப் போய் இறங்கியது.

கோயில்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டீச்சர், மிஷினு தப்பாப் போகுது! ஜோயல் இந்தப் பக்கம்லா இருக்கு!"

"இருங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாத இடத்துல கீறுது டீச்சர், ஷீட்டு வீணாப் போகும், நிறுத்துங்க!"

அவள் நிறுத்தவில்லை. கத்தி வளைந்தது, சுழித்தது, தூக்கி வைத்தது, மறுபடி சுழித்தது. அவர் பேசுவதை விட்டுவிட்டார். அந்தக் கத்தி போகிற போக்கு அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. இடது பக்கம் முடிந்த பிறகுதான் கத்தி வலது பக்கம் வந்து ஜோயலை வெட்டியது.

மிஷின் நின்றது. அவள் ஷீட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பார்த்தால் ஒன்றுமே இல்லாத மஞ்சள் ஷீட்டு. அவர் விரலால் தடவினார். இடது பக்கமும் கீறல் தட்டுப்பட்டது, வலது பக்கமும் தட்டுப்பட்டது.

"தெரிஞ்சேதான விட்டீங்க?" குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

"கத்தி இப்படித்தான் போகும்னு தெரியும். அது என்ன பேருன்னு தெரியாது. நீங்கதான் காட்டலையே."

"நிறமே இல்லாததை எப்படி வெட்டும்?"

"நிறம் பாக்கிறது நம்ம கண்ணு அண்ணாச்சி. கத்திக்கு நிறம் தெரியாது. கோடு இருந்தாப் போதும், அது மேல போயிரும்."

அவர் உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஷைனி. என் மக" என்றார்.

அவள் "ஓ" என்று மட்டும் சொன்னாள். ஏன், என்ன என்று கேட்கவில்லை. மேஜையில் ஒரு பக்கம் கத்தரிக்கோலை வைத்தாள். இன்னொரு பக்கம் உரிக்கிற ஊசியை வைத்தாள். கத்தரித்தால் ஜோயலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஆட்டோக்காரருக்கு மீதி ஸ்டிக்கரை உரிக்கத் திரும்பிவிட்டாள்.

அவர் முதலில் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு பெயருக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஷீட்டின் மூலையில் ஊசியால் நெம்பி, வேண்டாத மஞ்சளை மெதுவாக இழுத்தார். சுற்றியிருந்தது தோல் மாதிரி உரிந்து வந்தது. வெள்ளைத் தாளில் எழுத்துகள் மட்டும் ஒட்டி நின்றன. ஷைனி. ஜோயல். பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஏதோ கணக்குத் தப்பின ஆள் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நான் ஜோயலுக்கு மட்டும்தான மஞ்சள் கொடுத்தேன். இதுகிட்ட இருந்து எடுத்துட்டேன்லா. இதுக்கு எப்படி அதே மஞ்சள் வந்துச்சு?"

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க கொடுத்ததும் எடுத்ததும் திரையில. மஞ்சள் ஷீட்டுலயே இருந்தது."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஊசியை எடுத்து, ஷை என்கிற எழுத்தின் சுழிக்குள் சிக்கிக் கிடந்த பொடி மஞ்சளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கத் தொடங்கினார்.

இவ்வளவுதான் அக்கா சொன்னது. நீங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் போனால், முன் கண்ணாடியில் மஞ்சளாக இரண்டு பெயர் எழுதின ஒரு குட்டியானை எதிரே வந்தால், கொஞ்சம் ஒதுங்கி அதற்கு வழி விடுங்கள்.