சங்கரபாண்டி அண்ணாச்சியின் பிரஷர் வாட்ச்

மொட்டைக்குறிச்சி சமையல் கோஷ்டியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது, செலவழித்தால்தானே குறையும்! தலைமை சமையல்காரர் சங்கரபாண்டி. கைத்துணைக்கு மாசானமும் சுடலைமுத்துவும்.

விடிந்தால் தங்கை மகள் கல்யாணம். தூக்கி வளர்த்த பிள்ளைக்குத் தன் கையால் சமைத்துப் போட சங்கரபாண்டி தவியாய்த் தவித்தார். ஆனால் அவருக்குப் பிரஷர். மகன் துபாயிலிருந்து ஒரு வாட்ச் அனுப்பியிருந்தான். தோலில் பச்சை வெளிச்சம் அடித்தே பிரஷரைச் சொல்லிவிடுமாம்.

டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: "நூத்தி நாப்பதுக்கு மேல போனா அடுப்புகிட்டயே நிக்கப்படாது. இந்த வாட்சையும் அப்படியே நம்பிராதீங்க. பிரஷர், கவலை ரெண்டுமே இல்லாத ஒருத்தருக்குக் கட்டி, சரியா காட்டுதான்னு பாருங்க. கட்டினா அஞ்சு நிமிஷம் பேசப்படாது."

மண்டபத்துச் சமையலறையில் மூவரும் கவலையில்லாத ஆளைத் தேடினார்கள்.

"எனக்குப் பொண்டாட்டி கவலை," என்றான் மாசானம்.

"எனக்குப் பொண்டாட்டி இல்லாத கவலை," என்றான் சுடலைமுத்து.

மூலையில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் நிம்மதியாகக் கிடந்தது. காலையில் கூட்டாகப் போகிறோமே என்ற நினைப்புகூட அதற்கு இல்லை.

"அண்ணாச்சி, இவருக்குக் கட்டுவோம்," என்றான் மாசானம்.

"ரத்தம் வேண்டாமாவே?"

"ஆயுத பூசைக்கு உடைக்கையில பாத்ததில்லையா? உள்ள செக்கச்செவேல்னு இருக்குமே!"

வருஷா வருஷம் துளைபோட்டு உள்ளே குங்குமத்தைக் கொட்டுவதே இந்த மாசானம்தான். ஆனாலும் சங்கரபாண்டிக்கு அது நியாயமாகப் பட்டது.

இடுப்புக்கு வார் எட்டவில்லை, காம்பில் கட்டினார்கள். அஞ்சு நிமிஷம் யாரும் பேசவில்லை, பூசணிக்காய் உட்பட. வாட்ச் நூற்றுப் பதினெட்டு காட்டியது.

"வாட்சு சொக்கத்தங்கம்!" என்று குதித்தான் சுடலைமுத்து.

அடுத்து சங்கரபாண்டி கட்டினார். நூற்றெழுபது. "எம் புள்ள கல்யாணத்துக்கு எங்கையால உப்புப் போட முடியாதாவே?"

"டாக்டரம்மா சொல்லைத் தட்டலாமா? நூத்திப் பதினெட்டுக்காரரு இருக்காருல்லா, அவரு நிக்கட்டும்," என்றான் மாசானம்.

காலையில் பூசணிக்காய் அடுப்புக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தது. காம்பில் வாட்ச், பக்கத்தில் கரண்டி. சங்கரபாண்டி அரிசி மூட்டைமேல் படுத்து, பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். அவரும் மொட்டைக்குறிச்சிதான். "ஆளுங்க பந்திக்கு வந்தாச்சு! இன்னும் அடுப்பே பத்தவைக்கலியா?"

"இன்னைக்குத் தலைமை அவருதான். அவரைக் கேளுங்க," என்றான் மாசானம்.

"சாப்பாடு எப்பங்க?" என்று அவர் பூசணிக்காயைப் பணிவாகக் கேட்டார். மாசானம் ஓடிவந்து தடுத்தான்.

"வாட்சு பாக்குதாருல்லா. அஞ்சு நிமிஷம் பேசப்படாது."

"அடடா, முதல்லயே சொல்லப்படாதா?" என்று பெண்ணின் அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லவும் ஆளை அனுப்பினார்.

வாட்ச் கீச்சென்றது. நூற்று எழுபத்திரண்டு!

சங்கரபாண்டியின் பொறாமையெல்லாம் அந்த நொடியே கரைந்துபோயிற்று. "கல்யாண வீட்டுப் பொறுப்பு தலையில விழுந்தா யாருக்குத்தான் ஏறாது! இங்க வாரும்வே," என்று அவர் ஒருக்களித்துப் படுத்து, மூட்டையில் அதற்கும் இடம் விட்டார்.