வெறுங்காலில் ஓடிய அரைக்காதன்

உயரமான ஒரு மலையில், முட்புதர்களுக்குள் ஒரு முயல் கூட்டம் வாழ்ந்தது. புதர்களுக்கு எதிரே ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தைத் தாண்டினால் பசும்புல் சரிவு. காலை வெயில் முதலில் அந்தச் சரிவில்தான் விழும். வயிறு நிறைய வேண்டுமானால் விடியும்போதே பள்ளத்தைக் கடந்து அங்கே போய்விட வேண்டும்.

மற்ற மாதங்களில் இது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் பள்ளம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஒவ்வொரு புல்லின் நுனியிலும் உறைபனி ஏறியிருக்கும். காலை வைத்தால் நெருப்பை மிதித்ததுபோல் சுரீர் என்று உச்சந்தலைவரை ஏறும். முயல்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடும். போய்ச் சேர்வதற்குள் பாதம் வெடித்துவிடும்.

இதில் ஒரே ஒரு நன்மை இருந்தது. பள்ளத்தில் மூடுபனி தேங்கி நிற்கும். அதனால் அந்த மலையில் திரிந்த நரியின் கண்ணுக்கு முயல்கள் தெரியாது. முயலின் பாதமோ பஞ்சு மாதிரி. அதனால் நரியின் காதுக்கும் எட்டாது. குளிர்காலம் முடியும்வரை நரி வண்டையும் எலியையும் தின்று காலத்தை ஓட்டும்.

அந்தக் கூட்டத்தில் அரைக்காதன் என்று ஒரு கிழ முயல் இருந்தது. பிறக்கும்போது அதற்கு இரண்டு காதும் முழுசாகத்தான் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் நரி பக்கத்தில் வந்து, "மாமா, உங்கள் காதில் உண்ணி கடிக்கிறதே! அசையாமல் இருங்கள், எடுத்துவிடுகிறேன்" என்றது. உண்ணியையும் எடுத்தது. கூடவே பாதிக் காதையும் எடுத்துக்கொண்டது. மீதி உடம்பு தப்பியது கால்கள் செய்த புண்ணியம்.

அன்றிலிருந்து நரியின் பேச்சை எடுத்தாலே அரைக்காதனின் மீசை துடிக்கும். "போனது பாதிக் காதுதானே, இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று மற்ற முயல்கள் கேட்கும். "உன் காதா போனது?" என்று அரைக்காதன் திருப்பிக் கேட்கும்.

ஒரு மார்கழிக் காலையில் நரி புதர்களுக்கு எதிரே இருந்த பாறையில் வந்து நின்றது. அதன் கழுத்தில் ஒரு நீளமான காட்டுக்கொடி தொங்கியது. கொடி நிறையச் செருப்புகள்! மரப்பட்டையில் அடி, உள்ளே மெத்தென்று பாசி, கட்டிக்கொள்ள நார்.

"பயப்படாதீர்கள்! நான் கிட்டே வரமாட்டேன்" என்றது நரி. "செய்த பாவமெல்லாம் ராத்திரியில் தூங்கவிடவில்லை. நீங்கள் வெறுங்காலோடு பனியில் ஓடுவதைப் பார்த்தால் என் கால் வலிக்கிறது. ஆளுக்கு ஒரு ஜோடி செய்து கொண்டுவந்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்!"

செருப்புகளைப் பாறையில் வைத்துவிட்டு அது தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

கூட்டத்தின் தலைவரான மீசைக்காரர் மெல்லப் போய் ஒரு செருப்பை மாட்டிக் குதித்துப் பார்த்தார். கிலுகிலு என்று சத்தம் வந்தது.

"இதென்ன சத்தம்?"

"அதுதான் இதில் விசேஷம்!" என்றது நரி. "பட்டைக்கு நடுவே கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காய்களை வைத்திருக்கிறேன். மூடுபனியில் ஒருவரை ஒருவர் காணாமல் தவிக்கிறீர்களே! போன வருஷம் உங்களில் ஒருவர் வழி தவறிச் சேற்றில் மாட்டிக்கொள்ளவில்லையா? இனி சத்தத்தைக் கேட்டே சேர்ந்து போகலாம்!"

"அடடா! எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான்!" என்று மீசைக்காரர் உருகிப்போனார்.

"எனக்கு அதுதான் சந்தேகம்" என்றது அரைக்காதன். "இவ்வளவு ஏன் யோசித்தான்?"

"ஆரம்பித்துவிட்டார்!" என்று துள்ளன் என்ற முயல் சிரித்தது. "பெரியப்பா, எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கோபம்? வயிற்றில் புண் வந்துவிடும்!"

"வரட்டும். நரியின் வயிற்றுக்குள் போவதைவிட என் வயிற்றில் புண் வருவது மேல்!"

யாரும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டும் முண்டிக்கொண்டும் ஆளுக்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டார்கள். அரைக்காதனின் மனைவி செம்பியும் போய் ஒரு ஜோடி எடுத்து வந்தாள்.

அரைக்காதன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என் காதைத் தின்றவன் கையால் செய்ததா உன் காலுக்கு வேண்டும்?"

"ஏங்க, என் காலைக் கொஞ்சம் பாருங்க" என்று செம்பி பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். விரலுக்கு விரல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "முழங்கால் வலியோட கடைசி ஆளா ஓடுறது நான்தானே? உங்க கோபம் என் காலை மூடுமா? மூடும்னா சொல்லுங்க, அதையே போட்டுக்கிறேன்."



மறுநாளிலிருந்து பள்ளம் முழுக்கக் கிலுகிலு, கிலுகிலு என்று ஒரே திருவிழாச் சத்தம். அதன் நடுவே அரைக்காதன் மட்டும் வெறுங்காலோடு ஓடியது. பனி குத்தும்போதெல்லாம் நரியைத் திட்டியது. திட்டத் திட்ட வேகம் கூடியது.

"அவருக்கு எதற்குச் செருப்பு? உள்ளே எரிகிற எரிச்சலில் கால்வரைக்கும் சூடாக இருக்கும்!" என்றது துள்ளன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செம்பியும் கொஞ்சம் சிரித்தாள்.

நரி ஒன்றும் செய்யவில்லை. தூரத்தில் நின்று, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகும். "பார்த்தீரா? அவன் திருந்திவிட்டான்" என்று மீசைக்காரர் அரைக்காதனைக் குத்திக்காட்டுவார். அரைக்காதனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. உடனே தன் பாதிக் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டது. சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

ஒரு நாள் மூடுபனி மிகவும் கனமாக இறங்கியது. தன் மூக்கு தனக்குத் தெரியாத அளவு வெள்ளை. வழக்கம்போல் கூட்டம் கிலுகிலுவென்று பள்ளத்தில் இறங்கி ஓடியது. இளசுகள் முன்னே போய்விட்டார்கள். செம்பி பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தாள். அரைக்காதன் அவளுக்குச் சற்று முன்னால், சத்தமில்லாமல் ஓடியது.

திடீரென்று அது அப்படியே நின்றுவிட்டது. ஒரு முழம் தள்ளி, பெரணிச் செடிக்குப் பின்னால் நரி உட்கார்ந்திருந்தது!

ஆனால் நரி அரைக்காதனைப் பார்க்கவில்லை. அது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. காதுகள் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பின. வாயோரம் எச்சில் வடிந்தது.

"இது துள்ளன்... வேகமாகப் போகிறது, வேண்டாம்" என்று நரி தனக்குள் முணுமுணுத்தது. "இது மீசைக்காரர்... எலும்புதான் இருக்கும். ஆகா, இதோ கடைசியாக ஒன்று மெதுவாக வருகிறது. இதுதான் எனக்கு!"

செம்பியின் கிலுகிலுச் சத்தம் நெருங்க நெருங்க, நரியின் காதுகள் அவள் பக்கம் திரும்பி அங்கேயே நின்றன.

அரைக்காதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத முயலைக் காதுக்குத் தெரியவைக்கத்தான் இந்தச் செருப்பு! தன் காலில் சத்தம் இல்லை. ஓசைப்படாமல் ஓடினால் தான் தப்பித்துவிடலாம். ஆனால் செம்பி?

அது காற்றாகப் பின்னால் பாய்ந்தது. செம்பியின் காலடியில் போய் விழுந்தது.

"கழற்று!" என்று கிசுகிசுத்தது.

"என்னங்க இது! காலங்காத்தால, அதுவும் நடுப் பள்ளத்துல, செருப்புச் சண்டையா?"

"வாயை மூடு! நரி உட்கார்ந்திருக்கிறான். சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கப் போகிறான்!"

செம்பி உறைந்துபோனாள். அரைக்காதன் நார்களைப் பல்லால் நறுக்கென்று கடித்தது. செருப்புகளை வாயில் கவ்வியது. "அசையாதே. மூச்சுக்கூடச் சத்தமாக விடாதே!" என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு, பள்ளத்தின் அடிப்பக்கம் பார்த்து ஓட ஆரம்பித்தது. கிலுகிலு! கிலுகிலு!

நரி தாவி எழுந்தது. "ஓடுகிறாயா? ஓடு ஓடு! எங்கே போனாலும் காது கேட்கும்!"

உறைபனி கண்ணாடித் தூள் மாதிரி நொறுங்கியது. நரியின் கால் வழுக்கியது. விழுந்து எழுந்து மறுபடியும் துரத்தியது. அரைக்காதனின் கால் மட்டும் வழுக்கவில்லை. அந்த மார்கழி முழுக்க வெறுங்காலோடு ஓடி ஓடி அதன் பாதம் காய்த்துப்போயிருந்தது. எங்கே மிதித்தால் பிடிப்பு, எங்கே மிதித்தால் சறுக்கல் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் வயது வயதுதானே? மூச்சு வாங்கியது. நரியின் இரைப்பு முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பள்ளத்தின் அடியில் ஒரு சதுப்பு. குளிர்காலத்தில் காட்டெருமைகள் ஒன்றையொன்று ஒட்டி அங்கேதான் படுத்திருக்கும். அவை விடும் மூச்சு ஆவியாக மேலே எழும். அந்த வெதுவெதுப்பு முகத்தில் பட்டதும் அரைக்காதன் கடைசியாக ஒரு தாவு தாவியது. செருப்புகளைத் தலையைச் சுழற்றி வீசியது. அவை இருப்பதிலேயே பெரிய காட்டெருமையின் பின்பக்கத்தில் போய் விழுந்தன. கிலுக்!

"அகப்பட்டாய்!" என்று நரி கண்ணை மூடியபடியே பாய்ந்து, கிடைத்ததை நன்றாகக் கவ்வியது. 'எவ்வளவு கொழுத்த முயல்!' என்று நினைத்தது. 'கொஞ்சம் அதிகமாகவே கொழுத்திருக்கிறதே?'

கொழுத்த முயல் எழுந்து நின்றது. நரியும் அதோடு சேர்ந்து அந்தரத்தில் எழுந்தது.

"யாருடா அது, என் பின்னால்?" என்று காட்டெருமை இடிபோல் கேட்டது.

நரி பல்லை விடுவித்துக்கொண்டது. "ஐயா... குளிராக இருந்தது... சும்மா கட்டிக்கொள்ளலாம் என்று..."

"பல்லாலா?"

அடுத்த நொடி விழுந்த உதை எங்கிருந்து வந்தது என்று நரிக்கு இன்றுவரை தெரியாது. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பறந்து, ஐஸ் மாதிரி இருந்த சதுப்புத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தது. மேலே வந்து, நடுங்கி, நொண்டி, ஊளையிட்டுக்கொண்டே ஓடியது.

அரைக்காதன் திரும்பி வந்தபோது செம்பி விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பார்த்ததும்தான் பெரிதாக மூச்சு விட்டாள். அதன் பாதிக் காதை நக்கிக் கொடுத்தாள். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அரைக்காதனும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் முயல்கள் அத்தனையும் செருப்பைக் கழற்றிப் பள்ளத்தில் வீசின. துள்ளன் எல்லாருக்கும் முன்னால் கழற்றி, எல்லாருக்கும் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அன்று மாலை அரைக்காதன் மரப்பட்டையும் பாசியும் தேடிக் கொண்டுவந்து, தானே செம்பிக்கு ஒரு ஜோடி செருப்பு செய்தது. உள்ளே ஒரு காயும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் கோணல். செம்பி உடனே அவற்றை மாட்டிக்கொண்டு நாரை இறுக்கிக் கட்டினாள்.

சில நாள் கழித்து நரி நொண்டி நொண்டிப் பாறைக்கு வந்தது. "தெரியாமல் செய்துவிட்டேன்! என்னை மன்னித்துவிடுங்கள்! இனி நாம் சமாதானமாக இருக்கலாம்!" என்று அழுதது.

மீசைக்காரரின் கண் கலங்கியது. "பாவம், நொண்டுகிறானே..." என்று ஆரம்பித்தார். அரைக்காதன் அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் நிறுத்திக்கொண்டார்.

"மன்னிப்பைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்!" என்று அரைக்காதன் பாறையைப் பார்த்துக் கத்தியது. "அதுவரை நீ மலைக்கு அந்தப் பக்கம் போய் நில்!"

நரி போனது. மறுநாள் விடியலில் மூடுபனி இறங்கியது. முயல்கள் பனியில் துள்ளியபடி பள்ளத்தைக் கடந்தன. ஒரு காலடியும் யார் காதிலும் விழவில்லை.

ஒருமுறை கேடு செய்தவன் பரிசோடு வந்து நின்றால், பரிசைத் தொடுவதற்கு முன்னால் அவன் செய்த கேட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.