கேக்காத பந்தி

அந்த மடத்து வாசல்ல ஒரு பலகை இருந்துச்சு. 'இங்கு யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை.' அதைப் படிச்சுட்டுத்தான் தென்னவன் உள்ளயே வந்தான். ஹாஸ்டல்ல சாதி கேட்டாங்க. வாடகைக்கு ரூம் தேடினா அங்கயும் கேட்டாங்க, என்ன, கொஞ்சம் சுத்தி வளைச்சு. கேக்காத ஒரே இடம் இதுதான்னு சட்டப் படிப்பைப் பாதியில விட்டுட்டுக் குருவுக்குச் சீடனாயிட்டான். மதியப் பந்தியில சாம்பார் ஊத்துறது அவன் வேலை. வாய் மட்டும் அடங்கல.

மடத்துக்கு அரிசி குடுக்கிற அறக்கட்டளையிலேர்ந்து ஒருநாள் ஒரு அம்மா வந்தாங்க. சாப்பிட வர்றவங்க எந்தெந்த ஊரு, என்னென்ன சாதி, பொம்பளைங்க எத்தனை பேரு, நடக்க முடியாதவங்க எத்தனை பேருன்னு விவரம் வேணும்னாங்க. யாருக்குப் போய்ச் சேரலைன்னு தெரிஞ்சாத்தானே சேக்க முடியும்னு கேட்டாங்க. குரு சரின்னு தலையாட்டிட்டாரு.

அவங்க கார் கிளம்பினதும் தென்னவன் பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டான்.

"இன்னைக்கு அரிசிக்குச் சாதி. நாளைக்குப் பருப்பு அனுப்பினா கோத்திரமும் கேப்பாங்களா சாமி?"

"போறதுன்னா போ. அந்தம்மா கேட்ட விவரத்தைப் பந்தியில கேட்டுச் சொல்லிட்டுப் போ."

"நானா? பலகையில என்ன எழுதியிருக்கு?"

"எழுதினது நான்தான். என்ன எழுதியிருக்குன்னு தெரியும்."

தென்னவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டான். சாப்பிட்டுக் கை கழுவ வர்றவங்களை ஒவ்வொருத்தராத் தனியாக் கூப்பிட்டு, இஷ்டம் இல்லைன்னா சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் கேட்டான். நிறைய பேரு சொன்னாங்க. சிலர் முறைச்சுட்டுப் போனாங்க. ஒரு மீசைக்காரர் மட்டும் ஏப்பம் விட்டுட்டு, "நான் சொல்றது இருக்கட்டும் தம்பி. மொதல்ல நீ என்ன ஆளு?"ன்னாரு. தென்னவனுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு.

எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க அத்தனை பேரும் இருந்தாங்க. கல்குவாரிக்குப் பின்னாடி காலனியிலேர்ந்து ஒருத்தர்கூட இல்ல. மடத்து அடுப்புப் புகை தினமும் போறதே அந்தப் பக்கம்தான்.

அவங்களுக்குத் தேவை இருக்காது, இதுக்கு எதுக்குக் கணக்குன்னு அந்த அறக்கட்டளை அம்மா மூஞ்சிக்கு நேரா கேக்கலாம்னு நெனச்சான். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வந்துடுவோம்னு காலனிக்குப் போனான். காத்தாயின்னு ஒரு அம்மா, கல்லு உடைச்ச கையைக் கழுவிக்கிட்டே பேசினாங்க.

"என் மக மாசமா இருக்கயில வந்தா தம்பி. நீங்க யாரும் எதுவும் கேக்கல, நெசந்தான். பக்கத்துல உக்காந்தவன் கேட்டான். அவ சொன்னா. வரிசையே இலையத் தூக்கிட்டு எதிர்ப்பக்கம் போய் உக்காந்துச்சு. அப்ப சோறு போட்ட பையனும் அவங்க பின்னாடியே போயிட்டான். உங்க சாமி அப்ப எங்க பாத்துட்டு இருந்தாரோ, எனக்குத் தெரியாது."

தென்னவன் திரும்பி வந்து ஒரு வார்த்தை கூடக் குறைக்காம அப்படியே குருகிட்ட சொன்னான். கோவமா சொல்லணும்னுதான் வந்தான். ஒப்பிக்கத்தான் முடிஞ்சுது.

குரு எந்திரிச்சுப் போய் ஸ்டூல் போட்டு ஏறி, பலகையைக் கழட்டினாரு. தூசியைத் துடைக்காம செவுத்துல சாய்ச்சு வச்சாரு.

"அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?"

"கேக்கல சாமி."

தென்னவன் ஸ்டூலை எடுத்து ஓரமா வச்சான்.

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வரட்டா?"

"எந்த மூஞ்சியோட கூப்பிடுவ?"

"அதான் பலகையை எடுத்துட்டீங்களே."

"அது அவங்களுக்காக மாட்டினது இல்லப்பா. எனக்காக. கேட்டா தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சா, எதிர்ப்பக்கம் போய் உக்காந்தவங்களை எந்திரிச்சு வெளிய போங்கன்னு சொல்லணும்."

பை இன்னும் தென்னவன் தோள்லதான் இருந்துச்சு. அதோட வெளிய போறதா, உள்ள வைக்கிறதான்னு தெரியாம நின்னான்.