எஸ்தரின் புருவம்

ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில், எஸ்தரின் மேசைமேல் ஒரு பென்சிலும் ரப்பரும் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த கைக்கண்ணாடியும் இருந்தன. ரப்பர் புதுசு. புதுசுக்கே உரிய துடுக்கும் அதற்கு இருந்தது.

அன்று ஓவிய வகுப்பு. "கண்ணாடியப் பாத்து அவங்கவங்க முகத்த வரைங்க. பேரப் பின்னாடி எழுதுங்க" என்றார் டீச்சர்.

எஸ்தர் வரைந்தாள். விரிந்த காது வந்தது, விழுந்த பல்லின் சந்து வந்தது. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பும் வந்தது.

ரப்பருக்குப் பொறுக்கவில்லை. "இதை எதற்குப் போட்டாய்?" என்று பென்சிலிடம் எகிறியது.

"கண்ணாடி காட்டியது, போட்டேன்."

"அது காட்டுவதையெல்லாம் போடுவதென்றால் படம் எதற்கு? கண்ணாடியையே சுவரில் மாட்டிவிடலாமே."

"எனக்குத் தெரிந்த எஸ்தருக்குத் தழும்பு உண்டு. அது இல்லாதவளை எனக்குத் தெரியாது" என்றது கண்ணாடி.

"நான் அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன்" என்று சொல்லி, ரப்பர் எஸ்தரின் விரல் பக்கமாக நகர்ந்தது. அவளும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை எடுத்துத் தேய்த்தாள். பென்சில் முனகிக்கொண்டே புருவத்தை ஒரே கோடாகச் சேர்த்தது.

சாயங்காலம் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பெற்றோரை உள்ளே கூப்பிட்டார் டீச்சர். "பேரப் பாக்காம, உங்க பிள்ளைய நீங்களே கண்டுபிடிச்சு எடுத்துக்குங்க."

ரப்பருக்கு அப்போதுதான் திக்கென்றது.

ஒவ்வொருவராகச் சிரித்தபடி படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மில் வேலை முடிந்து நேராக வந்திருந்த எஸ்தரின் அம்மா, மகளின் படத்தைக் கடந்து போனாள். திரும்பி வந்து மறுபடியும் கடந்து போனாள். எஸ்தர் தன் இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கிடைக்கலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"புருவத்துல தழும்பு இருக்கும் டீச்சர். ரத்தம் கொட்டக் கொட்ட முந்தானையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதத்தான் தேடுறேன்."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் சுவரில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பேரைப் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மேசைமேல் ரப்பர் குறுகிப்போய்க் கிடந்தது. "பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். நான் எடுத்ததை நீ திரும்பப் போட்டுவிடேன்" என்று பென்சிலைக் கெஞ்சியது.

"இப்போதே போடலாம்" என்றது பென்சில். "ஆனால் அம்மா தேடியபோது அது அங்கே இல்லையே."