கண்ணை மூடிச் செருகிய கார்டு

கோவில்பட்டியில் கல்யாணப் படம் எடுக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்பார் ஸ்டுடியோ முதலாளி தங்கப்பழம். அவர் கேமராவில் மெமரி கார்டு செருகும் இடத்தில் இரண்டு ஊசிகள் வளைந்துவிட்டன.

"வளைச்சது பத்து வருஷமா நமக்கு லைட் பிடிக்கிற டெல்பின்தான் வே. அப்படியே ரிப்பேர் சீட்டுல எழுதித் தாரும், வேலையை விட்டு அனுப்பிருதேன்" என்றார் மெக்கானிக் ரசூலிடம்.

ரசூல் ஊசிகளை நிமிர்த்தினார். "எழுதிரலாம் அண்ணாச்சி. ஒருதடவ உங்க கையால கார்டு போட்டுப் பாத்துருங்க."

அண்ணாச்சி கார்டைக் கண்ணில் ஒற்றி, கண்ணை மூடி, முருகனை நினைத்து, கோணலாகச் செருகி ஒரே அழுத்தாக அழுத்தினார். உள்ளே நறுக்கென்றது. ரசூல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதே இரண்டு ஊசிகள்.

"சீட்டு எழுதியாச்சு அண்ணாச்சி. வளைச்சவங்க பேர மட்டும் நீங்களே போட்டுக்கிடுங்க."

இனிமேல் கார்டு போடும் வேலை டெல்பினுக்குத்தான் என்று அண்ணாச்சி முடிவு செய்தார்.