புள்ளிக்கோட்டுச் சுவர்

கோட்டான்விளை எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இங்கதான் இருக்கு" என்பார்கள்.

அந்த ஊரில் வைகுண்டம், தங்கப்பழம், இசக்கி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய வெள்ளைக் கார். அதை ஓட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆசை அதிகம். கழற்றி மாட்டும்போதெல்லாம் இரண்டு போல்ட்டாவது மிஞ்சும். மிஞ்சியதை லாபம் என்று டப்பாவில் போட்டு வைப்பார்கள்.

மூத்தவன் வைகுண்டத்தின் பெண்டாட்டி செங்கமலம் காரணம் இல்லாமலே கவலைப்படுகிறவள். இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்தக் காரில் நாலு தெருவும் சுற்றிக் கூட்டி வருவோம் என்று சம்மந்தி செல்லச்சாமியிடம் வாயை விட்டிருந்தாள். அவரோ, பாயசத்தில் முந்திரி குறைந்ததற்காக ஒரு சம்மந்தத்தையே முறித்துக்கொண்டு போனவர்.

கல்யாணத்துக்குள் காரைச் சரிபண்ண வேண்டும், அதற்கு வீட்டோடு ஒரு ஒர்க் ஷாப் வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள். டவுனிலிருந்து ஒரு என்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு தாளில் பிளான் போட்டு, நாலு விஷயம் சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் விஷயம், காருக்கு அடியில் ஒரு ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி. அளவு பிசகக் கூடாது என்று இசக்கியை நடுவில் நிற்க வைத்து, மற்ற இருவரும் சுற்றித் தோண்டினார்கள். மத்தியானத்துக்குள் ஆறடி தோண்டியாகிவிட்டது. இசக்கி மட்டும் நடுவில் ஒரு மண் தூணின்மேல், பழைய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் ஆழம் பத்தல அண்ணே. என் கால்கூட உள்ள போகல" என்றான்.

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு, முதலில் கீழே இறங்கச் சொன்னாள்.

"இறங்குனா அளவு போயிரும் மதினி."

சாயங்காலம் தூண் தானே சரிந்தது. இசக்கியும் சரிந்தான். அளவு சரியாக வந்துவிட்டது என்று மூவருக்கும் சந்தோஷம். குழியின் இரண்டு பக்கமும் சக்கரம் நிற்கும்படி காரைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இரண்டாவது, கார்க் கதவெல்லாம் திறந்திருக்கும்போது சுற்றிலும் மூன்றடி விட்டுச் சுவர் எழுப்ப வேண்டும். நாலு கதவையும் திறந்து வைத்தார்கள். சுவர் முடிகிறவரை மூடவே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி டிரைவர் சீட்டில் ஏழு முட்டை போட்டது.

மூன்றாவது, எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்று சுவரிலேயே தெரிய வேண்டும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, கடப்பாரை எல்லாவற்றையும் சுவரில் பதித்து, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். இனி ஒன்றும் தொலையாது.

நாலாவது முன்பக்கம். பிளானில் மூன்று பக்கம் நேர்க்கோடு, முன்பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாகக் கோடு. அங்கே ஷட்டர் வரும் என்று என்ஜினியர் சொன்னதாக இசக்கிக்கு லேசாக ஞாபகம். அண்ணன்மார் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேனாவுல மை தீர்ந்திருக்கும்" என்றான் தங்கப்பழம்.

"படிச்ச ஆளு காரணமில்லாம புள்ளி வைப்பாரால?" என்றான் வைகுண்டம். "ஒரு கல்லு, ஒரு சந்து, ஒரு கல்லு, ஒரு சந்து. அதான் கணக்கு."

அப்படியே ஏழடிக்கு எழுப்பிவிட்டார்கள். சந்து வழியாகக் கார் அழகாகத் தெரிந்தது.

செங்கமலம் பார்த்தபோது மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. "இந்தக் கார் எப்படி வெளிய வரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பிளானில் இல்லை என்றார்கள். சுவரை இடிக்கச் சொன்னாள். கடப்பாரை சுவருக்குள் இருப்பதை நினைவுபடுத்தினார்கள். அவளே நாலு வீடு ஏறி இறங்கி ஒரு கடப்பாரை இரவல் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பந்தல்காரரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது தங்கப்பழம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அதுக்கும் இடம் போட்டுப் பூசியாச்சு மதினி."

அவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் சம்மந்தி வந்துவிடுவார். முந்திரிக்கே அப்படி என்றால், காருக்கு என்ன செய்வாரோ?

வைகுண்டம் அவள் பக்கத்தில் குந்தினான். "நீ எதுக்கு அழுத? காரு தெருவுக்குப் போனா என்ன, தெரு காருக்கிட்ட வந்தா என்ன?"

மறுநாள் சரியாக ஆறு மணிக்கு, மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக ஏணியில் ஏறிச் சுவரைத் தாண்டி இறங்கினான். பின்னால் செல்லச்சாமி ஏறினார். பெரிய வீடுகளில் இப்படித்தான் போலிருக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். வைகுண்டம் முட்டைகளை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். செங்கமலம் முன் சீட்டில். அவளுக்குக் கார் என்றாலே வாந்தி, கையில் எலுமிச்சம்பழம்.

தங்கப்பழம் ஏணியிலிருந்து கை காட்டினான். நாதஸ்வரக்காரர் முன்னால் வர, ஊர் வரிசையாக உள்ளே இறங்கி, அந்த மூன்றடிச் சந்தில் காரைச் சுற்றி நடந்தது. டீக்கடைக்காரர் தன் கடைப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். ரேஷன் கடைக்காரர் போனார். பிள்ளையார் கோயில் பூசாரி மணி அடித்துக்கொண்டே கடந்தபோது செல்லச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வைகுண்டம் ஹாரன் அடித்து ஒரு ஆட்டை விலக்கினான். வேகத்தடை வந்தபோது குழிக்குள்ளிருந்து இசக்கி முதுகால் முட்டித் தூக்கிவிட்டான். மூன்றாவது தெரு திரும்பும்போது செங்கமலத்துக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டாள்.

நாலு தெருவும் முடிந்தது. செல்லச்சாமி இறங்கி நின்று வேட்டியைச் சரிசெய்தார். செங்கமலம் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரோடு அருமையா போட்டிருக்காங்க சம்மந்தி" என்றார் அவர். "எங்க ஊருல இம்புட்டுத் தூரம் வந்தா இடுப்பு ஒடிஞ்சிரும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரும் ஏணியில் ஏறி மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். வைகுண்டம் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை.

"எல்லாரும் போனா எப்படி? காரை வீட்டுல கொண்டு விடணும்லா? ஒரு சுத்து பின்பக்கமா நடங்கப்பா."

ஊர் திரும்பி வந்து பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. ஏணியில் பாதி ஏறியிருந்த செங்கமலம் பதறிப்போய்த் திரும்பினாள்.

"பாத்து ரிவர்ஸ் எடுங்க. பின்னால சுவரு இருக்கு."