தேரை நகர்த்தியது யார்?

தேர் இழுத்தவர்களுக்கெல்லாம் ஜமீன் வீட்டில் விருந்து போடுவது அந்த ஊர் வழக்கம். புது ஜமீன்தாருக்கு அது வீணாகப் பட்டது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் வீரணனைக் கூப்பிட்டார்.

“பாதிப் பேர் சும்மா வடத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றான். எவன் இழுத்துத் தேர் நகருதோ அவனுக்குத்தான் சோறு. அவனைக் காட்டு. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை.”

தேரோட்டத்தன்று வீரணன் ஜமீன் வாசலில் தேரை நிறுத்தி, கட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொருவராக இழுக்கச் சொன்னான். தேர் அசையவில்லை.

“அப்போ எவனும் இழுக்கலை. எவனுக்கும் சோறு இல்லை.”

“சரிங்க எஜமான்” என்றான் வீரணன். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஜமீன்தாரின் வண்டி வெளியே வர வழியில்லை. வாசலை அடைத்துக்கொண்டு தேர் நின்றது.

“நகர்த்த ஆளைக் கூப்பிடுடா.”

“யாரைன்னு சொல்லுங்க எஜமான், கூட்டிட்டு வர்றேன்.”

ஜமீன்தார் சமையல்காரனைக் கூப்பிட்டு, ஊருக்கே உலை வைக்கச் சொன்னார்.